ஏழு நானோகிராம்

சனிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு நோரா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, நைட்டியின் கைகளைத் தோள்வரை சுருட்டிவிட்டு, இரண்டு கைகளையும் வெயிலுக்கு நீட்டினாள். மர்பி டவுனில் மொட்டை மாடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும். துணி காயப்போட வருவார்கள், போன் பேச வருவார்கள், பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று பார்க்க வருவார்கள். ஒன்றுமே செய்யாமல் உச்சிவெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் யோசனை வரத்தான் செய்யும். காலை ஏழு மணி இளவெயிலில்தான் சத்து இருக்கிறது என்று அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. நோராவும் நம்பியவள்தான். அதனால் பெரிய பிரயோஜனமில்லை, பதினோரு மணிக்கு மேல் அடிக்கிற வெயில்தான் தோலில் விட்டமின் டி-யை உண்டாக்கும் என்று டாக்டர் மமதா சொன்ன பிறகு நேரத்தை மாற்றிக்கொண்டாள். போனில் இருபது நிமிடம் வைத்துக்கொள்வாள். உள்ளங்கை மேலே பார்க்கப் பத்து நிமிடம், கீழே பார்க்கப் பத்து நிமிடம்.

மாடிவீட்டு லீனா ஈரத்துணி வாளியோடு ஏறி வந்தாள். நோராவின் ஓரகத்தி அவள். நோராவின் கணவன் கிளிஃபர்டின் அண்ணன் யூஜினுடைய மனைவி. போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, ஒரு வருஷத்தில் இப்படிக் கறுத்துப்போய்விட்டாயே, எலும்புக்காக இவ்வளவு பாடா என்று அங்கலாய்த்தாள். நோரா சிரித்துவைத்தாள். லீனாவுக்கு என்ன தெரியும்? உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக நோரா வெயிலில் நிற்கவில்லை. கட்டின புருஷனைப் பழிவாங்குவதற்காக நின்றாள். மாத்திரை, கேழ்வரகு, கருவாடு, வெயில் எல்லாமே அதற்காகத்தான்.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அது. கிளிஃபர்ட் பங்குக் கோயிலின் பாடகர் குழுவுக்குத் தலைவன். பேஸ் என்கிற கனத்த குரல்காரன், ஊரே மெச்சுகிற ஆள், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவன் தொண்டையைச் செருமினால்தான் காரியம் தொடங்கும். அன்றைக்கு ஒத்திகை அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நோரா சமையலறையில் பதினாறு பேருக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கே கோயிலில் பாடி வளர்ந்தவள், காது கூர்மை. கிளிஃபர்ட் எடுத்துக்கொடுத்த சுருதி ஒரு படி மேலே இருந்தது. பெண்கள் மூன்றாவது வரியிலேயே கீச்சிட்டார்கள். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, ரொம்ப மேல எடுத்துட்டீங்க, ஒண்ணு இறக்குங்க என்று உள்ளேயிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கிளிஃபர்டும் சிரித்தான். ஒரு படி இறக்கி எடுத்தார்கள், பாட்டு அம்சமாக வந்தது, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசி ஆளை வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு அவன் சமையலறைக்கு வந்தான். தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய இடது கையை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, இரண்டு கைகளாலும் பிடித்தான். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி திருகினான். எலும்பு உடைந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

ஆட்டோவில் போகும்போது, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல் என்றான். அவள் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே சொல்லிவிட்டான். படம் எடுத்தார்கள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவிலே உடைந்திருந்தது. முழங்கைக்கு மேல்வரை கட்டுப் போட்டு, நாற்பத்தாறு வயதில் இப்படி உடைந்திருக்கிறதே என்று ரத்தமும் எடுத்து அனுப்பினார் டாக்டர் மமதா.

மறுநாளே நோரா மாடிக்குப் போய் யூஜினிடம் உண்மையைச் சொன்னாள். யூஜின் அதிகம் பேசாத மனுஷர், அறுபதை நெருங்குகிறவர், கிளிஃபர்டை அப்பா ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவர். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு மூன்று நாள் அவர் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளிஃபர்ட் படி ஏறிப் போவதும், கதவு திறக்காமல் இறங்கி வருவதுமாக இருந்தான். சோறு இறங்கவில்லை அவனுக்கு. கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தபோதும் அந்த மூன்று நாளும் நோரா நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. விட்டமின் டி, ஏழு நானோகிராம். குறைந்தது முப்பது இருக்க வேண்டுமாம். கால்சியமும் கீழ்க்கோட்டில் நின்றது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற ஸ்கேனிலும் அவள் வயதுக்கு இருக்க வேண்டிய அளவு இல்லை. கிளிஃபர்ட் கூடத்தில் நின்றபடி அந்தக் காகிதத்தைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் தெளிந்ததை நோரா பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் தேறிவிட்ட பையன் மாதிரி காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினான்.

அரைமணி நேரத்தில் யூஜின் இறங்கி வந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, வாத்சல்யமாகத்தான் சொன்னார்.

“டெஸ்ட்லயே வந்திருக்கேம்மா. நீ வழுக்கப் பாத்திருக்கே, அவன் சும்மா புடிச்சிருக்கான். உன் எலும்புக்கு அதுவே தாங்கல. வலியில உனக்குத் திருகின மாதிரி தோணியிருக்கும்.”

நோராவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் எழுந்து தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருவதற்குள் பங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஏழுதான் இருக்கிறதாம், தும்மினாலே உடைந்துவிடுமாம், நல்லவேளை கிளிஃபர்ட் பக்கத்தில் இருந்தான், விழ விடாமல் பிடித்துவிட்டான். அவள் வேலை பார்க்கிற பள்ளி அலுவலகத்தில்கூட, டைப் அடிக்காதே நோரா, விரல் போய்விடப் போகிறது என்று பரிகாசம் செய்தார்கள். கையை உடைத்தவன் காப்பாற்றினவனாகிவிட்டான். அவளோ ஊருக்கெல்லாம் நோஞ்சான் ஆகிவிட்டாள்.

அதற்கப்புறம் அவன் காட்டின அன்பு இருக்கிறதே, அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரம், பிறகு மாதத்துக்கு ஒன்று என்று விட்டமின் டி பொடிப் பாக்கெட் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிறு தோறும் கோயிலிலிருந்து நாலு பேரையாவது வீட்டுக்குக் கூட்டிவருவான். அவர்கள் பார்க்க, பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து, வெதுவெதுப்பான பாலில் கொட்டி, கலக்கி, அவள் வாயருகே கொண்டுவந்து நீட்டுவான். அவள் குடிக்கும்வரை தம்ளரின் அடியில் கையை ஏந்திக்கொண்டு நிற்பான். வந்தவர்கள் உருகிப்போவார்கள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சும்மா புடிச்சேன், அதுக்கே போயிடுச்சு என்று அவன் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான். அது நடிப்பில்லை என்று ஒருநாள் அவளுக்குப் புரிந்தது. பாவம் செய்தவனுக்கு உறுத்தலாவது மிச்சமிருக்க வேண்டாமா? அந்த ஏழு அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டது.

அவளுக்கே சந்தேகம் வந்த நாளும் உண்டு. அலுவலகத்தில் மதிய இடைவேளையில், கட்டுப் போடாத வலது கையை மேஜையின் விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தாள். உடையுமா? இவ்வளவுக்கா உடைந்தது? நான்தான் பெரிதாக்குகிறேனோ? அந்தச் சந்தேகத்தோடு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த ஒரு வாரத்தில் அதற்கும் முடிவு வந்தது. வார விடுமுறையில் தங்கவயலுக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். கிளிஃபர்ட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, புதிதாகச் சேர்ந்திருந்த அவளுடைய இடது முன்கையின்மேல் இரண்டு விரலை வைத்தான். அழுத்தக்கூட இல்லை.

“பாத்து, நோரா. உன் எலும்பு.”

அந்த இரண்டு விரல் பட்ட இடத்தில் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோனது. இவனுக்குத் தெரியும். தேவைப்படுகிறபோது மட்டும் நன்றாகவே தெரியும். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். அந்த ஏழு என்கிற எண்ணைத் தூக்கிக்கொண்டுதானே ஊர் முழுக்கத் திரிகிறான், அதை இல்லாமல் ஆக்கிவிடுகிறேன். என் எலும்பை இரும்பாக்கி, டாக்டர் கையால் எழுதி வாங்கி, இவன் அண்ணன் முன்னால் வைத்து, இப்போது சும்மா பிடித்து உடைத்துக் காட்டு என்று கேட்கிறேன்.

வேஷத்துக்காக அவன் வாங்கிக் குவித்ததையெல்லாம் அவள் நிஜமாகவே சாப்பிட்டாள். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் ஒட்டும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதால், இரும்பு காலையில், கால்சியம் மதியமும் இரவும் என்று பிரித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஐந்து காப்பி குடித்தவள், சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் சத்து உள்ளே போகாது என்று கேட்டதும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். முதல் பத்து நாள் தலைவலியில் உயிர் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஓட்டலில் மதியம் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களியுருண்டையை வாங்கி விழுங்கினாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அது தொண்டையில் இறங்காது; கிளிஃபர்டின் முகத்தை நினைத்துக்கொண்டால் இறங்கியது. சிவாஜிநகருக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி, முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்து மென்றாள். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, தினம் இரண்டு முட்டை. சிவாஜிநகரிலிருந்து பஸ் ஏறாமல் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தே வந்தாள், எலும்புக்குப் பாரம் ஏறினால்தான் அது கெட்டிப்படும் என்பதால்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற கேசவ் என்பவர், கையில் பிடித்து அழுத்துகிற ஒரு கருவி வைத்திருந்தார். அழுத்தினால் முள் நகர்ந்து பிடியின் பலத்தைக் கிலோவில் காட்டும். முதல் நாள் இடது கை ஆறு கிலோ காட்டியது. பஞ்சுப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். நோரா அதைப் பள்ளி அலுவலகத்தில், பஸ்ஸில், பூசையில் பிரசங்கம் நடக்கும்போதுகூட முக்காட்டுக்கு அடியில் அழுத்தினாள். பிறகு ஸ்பிரிங் வைத்த கைப்பிடி. பிறகு ஈரப் போர்வைகளை வாஷிங் மெஷினில் பிழிய விடாமல் கையாலேயே பிழிந்தாள். மாதா மாதம் கேசவ் முள்ளைப் பார்த்துவிட்டு, உங்களை மாதிரி ஒரு பேஷண்டைப் பார்த்ததில்லை மேடம், என்ன இவ்வளவு ஆர்வம் என்பார். வீட்டில் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்பாள் நோரா.

பத்து மாதம் கழித்துப் பிப்ரவரியில் மறுபரிசோதனை. இடது கை இருபத்தேழு கிலோ அழுத்தியது. விட்டமின் டி முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்துப் போனது எலும்பு ஸ்கேனை. அது நூற்றுக்கு மூன்று பங்குகூட ஏறவில்லை. இந்தக் காலத்துக்கு இதுவே அதிகம்தான், எலும்பு மெதுவாகத்தான் கட்டும், வருஷக்கணக்கில் ஆகும் என்று மமதா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நோராவுக்குக் காதில் விழவில்லை. இத்தனை கருவாடு, இத்தனை வெயில், இத்தனை முத்தே, கடைசியில் காகிதத்தில் இன்னும் அதே வார்த்தை: அடர்த்திக் குறைவு. இதைக் கொண்டுபோய் யூஜின் முன்னால் வைத்தால் பாவம் என்று இன்னொரு பாக்கெட் வாங்கித் தருவார். அவள் நாற்காலியிலேயே அழுதுவிட்டாள்.

மமதா பேனாவை வைத்துவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து, எதற்காக அழுகிறாய் என்று கேட்டார். இந்த எலும்பு சும்மா பிடித்தாலே உடையுமா என்று மட்டும் நோரா கேட்டாள். டாக்டர் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் அவத்தே, அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன், உங்க ஹஸ்பண்ட் பக்கத்துலயே நின்னாரு. இது விழுந்து உடைஞ்ச மாதிரி இல்லம்மா. கோடு சுத்திக்கிட்டுப் போகுது பாருங்க. ஏழு இருக்குன்னு எலும்பு தானா உடையாது. இந்த ஊர்ல பத்துப் பேருக்கு எடுத்தா ஏழெட்டுப் பேருக்கு குறைவாத்தான் இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துப் பாருங்க, அவருக்கும் இருக்கும்.”

போலீஸுக்கு எழுதிக் கொடுக்கவா என்றும் கேட்டார். நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது வேண்டாம், கேட்கும்போது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவளுக்கு டாக்டர் கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கும் இருக்கும். வருஷம் முழுக்க அந்த ஏழு என்கிற எண்ணை அழிக்கப் பார்த்தாளே, எவ்வளவு மடத்தனம். அழிக்கவே வேண்டியதில்லை. அவனுக்கும் அப்படி ஒரு எண் இருந்தால் போதும்.

தவக்காலத்தின் முதல் வாரம் பங்கில் மருத்துவ முகாம் நடந்தது. பெயர் பதிகிற மேஜையில் நோராதான் உட்கார்ந்தாள். பள்ளிக் கிளார்க்குக்கு அதைவிட்டால் வேறு என்ன வேலை கொடுப்பார்கள். நல்ல காரியத்துக்கு முன்னுதாரணம் வேண்டும் என்று கிளிஃபர்ட் தானே முதல் ஆளாகக் கையை நீட்டினான், ஊசி ஏறும்போது போட்டோவுக்குச் சிரித்தான். எந்தெந்தச் சோதனை என்ற கட்டத்தில் நோரா ஒரு குறி கூடுதலாகப் போட்டாள். போன் நம்பர் இருந்த இடத்தில் தன் நம்பரை எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது முடிவு வந்தது. பட்டியலில் கீழே கீழே இறங்கினாள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சரி. விட்டமின் டி, ஆறு.

காலையில் ஏசி அறைக்குள் நுழைந்து மாலையில் வெளியே வருகிறவன், மற்ற நேரமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பயிற்சி செய்கிறவன், பாலில் ஆடை இருந்தால் முகம் சுளிக்கிறவன். ஆறு இல்லாமல் அறுபதா இருக்கும்? நோரா பள்ளிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஈஸ்டர் வரைக்குமான அந்த ஐந்து வாரமும் அவள் வாழ்க்கையிலேயே ருசியான வாரங்கள். ரிப்போர்ட் வந்ததா என்று அவன் கேட்டதற்கு எல்லாம் நார்மல் என்றாள். அவனை அந்த ஆறிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கு முன்னாலேயே கெட்டியாக டீ போட்டுக் கொடுத்தாள். கருவாட்டைத் தன் தட்டோடு நிறுத்திக்கொண்டாள். மாடிக்கு வந்து துணி எடுக்க உதவட்டுமா என்று அவன் ஒருநாள் கேட்டபோது, வெயில் ஜாஸ்தி, நீங்க உள்ளே இருங்க என்று அக்கறையாகச் சொன்னாள். புனித வாரத்துக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில், கணவனிடம் ஒரு பொய் சொன்னேன் என்றாள். மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். அவள் பத்துச் சொன்னாள், இனிமேல் வரப்போவதற்கும் சேர்த்து.

ஈஸ்டர் ஞாயிறு அன்று பாடகர் குழுவுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. வருஷா வருஷம் நடப்பது. மாதத்தின் முதல் ஞாயிறாகவும், அந்த மாதத்துப் பாக்கெட் கலக்குகிற நாளாகவும் அது அமைந்துவிட்டது. பதினாறு பேரும் கூடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யூஜின் மேஜையின் தலைமாட்டில். லீனா பிரியாணிக் குண்டானைத் திறந்து கரண்டியால் ஓரத்திலிருந்து கிளறிக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட் வெள்ளைச் சட்டையில், முழுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, பால் தம்ளரோடு வந்தான். எல்லோரும் பார்க்கும்படி பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்கினான். போன ஈஸ்டருக்கு ஏழு, இந்த ஈஸ்டருக்கு முப்பத்தெட்டு என்றான். ஒரு வருஷமாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டதைப் பற்றி அடக்கமாக நாலு வார்த்தை சொன்னான். குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடுகிற பெண்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நோரா பாலை வாங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். உட்காருங்க என்று அவனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். போனைத் திறந்து மேஜையின் குறுக்கே யூஜினிடம் நீட்டி, கேம்ப்ல எடுத்தது மாமா, படிங்க என்றாள். யூஜின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம்பியின் பெயரைப் படித்தார், தேதியைப் படித்தார், அவள் விரல் காட்டின வரியைப் படித்தார். ஆறு என்று அவர் வாய்விட்டுச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

எனக்கா, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே என்று கிளிஃபர்ட் சிரித்தான். சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். நோரா தன் இடது கையை, உடைந்து சேர்ந்த கையை, மேஜையில் கிடந்த அவன் வலது முன்கையின்மேல் வைத்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே.

“எனக்கு ஏழு இருந்துச்சு. நீங்க சும்மா புடிச்சீங்க, உடைஞ்சுது. உங்களுக்கு ஆறு. இப்ப நான் சும்மா புடிக்கிறேன்.”

அவன் கை பருமன். அவள் விரல்கள் அதை முழுசாகச் சுற்றி வரவில்லை. ஆனால் ஒரு வருஷம் ஈரப் போர்வை பிழிந்த விரல்கள். அவை மூடிக்கொண்டபோது கிளிஃபர்டின் சிரிப்பு பாதியில் நின்றது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்று அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. இழுத்தால் பயந்துவிட்டான் என்று ஆகும். பயப்படாமல் உட்கார்ந்திருந்தால், ஆறுக்கு ஒன்றும் ஆகாதென்று ஆகும்; ஆறுக்கு ஆகாதது ஏழுக்கு எப்படி ஆனது என்று அண்ணன் கேட்பார். பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அசட்டுச் சிரிப்பை மறுபடி முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். யூஜின் போனிலிருந்து கண்ணை எடுத்துவிட்டிருந்தார். நோராவின் கை எங்கே பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோரா இறுக்கினாள். கோபம் இப்போது தலைக்கு ஏறவில்லை. தோளிலிருந்து இறங்கி நிதானமாக விரலுக்கு வந்துகொண்டிருந்தது. இவனுக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. கேட்க வைக்க முடியும் என்றும் தோன்றியது. தன் மணிக்கட்டை ஒரு நூலளவு வெளிப்பக்கம் சாய்த்தாள். அவ்வளவுதான். கிளிஃபர்டின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஊரெல்லாம் சொல்லி, தானும் நம்பிவைத்திருந்த கதை இப்போது அவன் கைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. தும்மினாலே உடையும். ஏழுக்கே உடையும். அவனுடையது ஆறு.

“நோரா, திருகாத.”

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பயிற்சி பெற்ற குரல். கடைசி நாற்காலிவரை போய்ச் சேர்ந்தது. அந்த வார்த்தையை அவன் ஒரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம், சாமியாரிடம், கோயில் வாசலில், எங்கேயும் பிடித்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அவள் பிடித்திருப்பது மட்டும்தான் தெரிந்தது. அவனுக்கு எப்படி அது முதலில் ஞாபகம் வந்தது?

யூஜின் கண்ணாடியைக் கழற்றினார். அது நழுவித் தட்டின்மேல் விழுந்தது. அவர் தம்பியைப் பார்த்தார், பிறகு பார்க்க முடியாமல் மேஜை விரிப்பைப் பார்த்தார்.

“விட்டுடும்மா,” என்றார்.

குண்டானுக்குப் பக்கத்தில் நின்றிருந்த லீனா கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சும்மாதானே புடிச்சிருக்கா. புடிச்சிருக்கட்டும்.”

யாரும் தட்டைத் தொடவில்லை. நோரா விடவும் இல்லை, மேற்கொண்டு திருகவும் இல்லை. பாட்டை எடுத்துக்கொடுக்கிறபோது காற்றில் எழும்புகிற கிளிஃபர்டின் விரல்கள் ஐந்தும் மேஜை விரிப்பின்மேல் விரிந்து, நுனியிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தன.